சுஷி கவுன்டரும் கரி அடுப்பும்: ஜப்பானிய உணவகத்தில் உட்காரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை என்னென்ன?

டோக்கியோவின் கின்சா பகுதியில், ஓர் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில், சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு சின்னக் கடை இருக்கிறது. மொத்தமே சுமார் 10 இருக்கைகள்தான். 2014 ஏப்ரலில், அப்போது அமெரிக்க அதிபராக இருந்த பராக் ஒபாமாவை ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே இரவு உணவுக்கு அழைத்துச் சென்றது இந்தக் கடைக்குத்தான். பெயர் சுகியாபாஷி ஜிரோ. 1925-இல் பிறந்த ஜிரோ ஓனோ என்ற சுஷி கலைஞரின் கடை. 2011-இல் வந்த 'ஜிரோ ட்ரீம்ஸ் ஆஃப் சுஷி' என்ற ஆவணப்படம் இவரை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தது.

அதிபரே வந்தாலும் அங்கே "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்க மாட்டார்கள். சமையல்காரர் ஒவ்வொன்றாக வைப்பார், நாம் ஒவ்வொன்றாகச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஜப்பானுக்கு வேலைக்கோ படிப்புக்கோ போன ஒருவரை, அலுவலக மேலாளர் அன்போடு இப்படி ஒரு கடைக்கு அழைத்துப் போனால்? "பச்சை மீன் வயித்துக்கு ஒத்துக்குமா?", "நான் சைவம்னு இப்போ எப்படிச் சொல்றது?", "பில் எவ்வளவு வரும்?" என்று ஆயிரம் கேள்விகள் ஓடும். கூச்சத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிடுபவர்களும் உண்டு. உண்மையில் வாயைத் திறக்க வேண்டிய இடமே அதுதான். ஏன் என்று இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

சுஷி என்றால் பச்சை மீனா?

இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம் இது. வினிகர், உப்பு, சிலர் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் பக்குவப்படுத்திய சோறுதான் சுஷியின் அடிப்படை. இந்தச் சோற்றுக்கு கடைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஷாரி'. அதன் மேல் மீன் வைக்கலாம், வேகவைத்த இறால் வைக்கலாம், முட்டை வைக்கலாம், வெள்ளரிக்காயைச் சுருட்டலாம். சோறு இருந்தால் அது சுஷி. சோறு இல்லாமல் பச்சை மீனை மட்டும் மெல்லிசாக வெட்டிக் கொடுத்தால் அதற்குப் பெயர் 'சஷிமி'.

கையால் பிடித்து, மேலே மீன் துண்டு வைத்துத் தருவது 'நிகிரி'. கடற்பாசித் தாளில் சுருட்டுவது 'மாகி'. கவுன்டரில் அதிகம் வருவது நிகிரிதான். நல்ல கடையில் சோறு சில்லென்று இருக்காது, உடம்புச் சூட்டை ஒட்டி இளஞ்சூடாக இருக்கும்.

மேலே இருக்கும் மீனும் எப்போதுமே 'பச்சை' கிடையாது. கானாங்கெளுத்தி போன்ற மீன்களுக்கு உப்பும் வினிகரும் போடுவார்கள். சூரை மீனை சோயா சாஸில் ஊற வைப்பார்கள். வெள்ளை மீனைக் கொம்பு என்ற கடற்பாசிகளுக்கு நடுவே வைத்துப் பதப்படுத்துவார்கள். கடல் விலாங்கை வேகவைத்துத் தருவார்கள். சில மீன்களை நாள் கணக்கில் குளிரில் வைத்து ருசி கூட்டுவார்கள். "இப்பதான் பிடிச்சது" என்பதே எப்போதும் பெருமை இல்லை.

எங்கிருந்து வந்தது?

தொடக்கத்தில் சுஷி, மீனைக் கெடாமல் வைக்கும் ஒரு வழி. உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். பிறகு சோற்றை ஒதுக்கிவிட்டு மீனை மட்டும் சாப்பிடுவார்கள். இந்த முறை தென்கிழக்கு ஆசியாவில் தோன்றி ஜப்பான் வந்ததாகக் கருதப்படுகிறது. ஜப்பானின் பிவா ஏரிப் பகுதியில் 'ஃபுனாசுஷி' என்ற பெயரில் இன்றும் இது இருக்கிறது. வாசனை கொஞ்சம் கடுமைதான்!

பின்னாளில், புளிக்கும்வரை காத்திருக்காமல் சோற்றில் நேரடியாக வினிகர் கலக்கும் பழக்கம் வந்தது. 1820-களில் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், கையால் பிடித்துக் கொடுக்கும் நிகிரி பரவியது. இதைப் பிரபலப்படுத்தியவராக ஹனாயா யோஹெய் (1799–1858) பெயரைச் சொல்கிறார்கள். எடோ விரிகுடாவில் கிடைத்த மீன் என்பதால் 'எடோமாயே' சுஷி என்று பெயர்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம்: இன்று பல ஆயிரம் யென் வாங்கும் இந்த உணவு, அன்று தெருவோரத் தள்ளுவண்டிச் சாப்பாடு. வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே இரண்டு துண்டு வாயில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அப்போது ஒரு துண்டு இன்றைய நிகிரியைவிடப் பெரியது. 1923-இல் டோக்கியோவைத் தரைமட்டமாக்கிய கான்டோ பூகம்பத்துக்குப் பிறகு, கடையை இழந்த சமையல்காரர்கள் சொந்த ஊர்களுக்குத் திரும்பினார்கள். எடோ பாணி சுஷி நாடு முழுக்கப் பரவ இதுவும் ஒரு காரணம்.

எந்தக் கடைக்குப் போவது?

ஜப்பானில் சுஷிக் கடைகளை மூன்று ரகமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, 'கைதென்' சுஷி. தட்டுகள் பெல்ட்டில் சுற்றிவரும் கடை. 1958-இல் யோஷியாகி ஷிராய்ஷி என்பவர் ஒசாகா அருகே தொடங்கினார். பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் பெல்ட்டில் நகர்வதைப் பார்த்து வந்த யோசனை இது. குடும்பத்தோடு போகலாம், தட்டை எண்ணித்தான் பில். பெரிய செயின் கடைகளில் ஒரு தட்டு 100 யென்னை ஒட்டி இருந்தது, 2022-க்குப் பிறகு விலை ஏறிவிட்டது. இப்போது பல இடங்களில் தொடுதிரையில் ஆர்டர் கொடுத்தால் நம் மேஜைக்கு மட்டும் தட்டு வருகிறது.

இரண்டாவது, தெருமுனைச் சுஷிக் கடை. வயதான கணவன், மனைவி இருவர் மட்டுமே நடத்தும் கடைகள்கூட உண்டு. இங்கே பிடித்ததைக் கேட்டு வாங்கலாம் (இதற்கு 'ஒகோனோமி' என்று பெயர்), அல்லது விலை குறித்த செட் வாங்கலாம். மெனுவில் விலைக்குப் பதில் 'ஜிகா' என்று எழுதியிருந்தால், அன்றைய சந்தை விலை என்று அர்த்தம். கேட்டுவிட்டுச் சாப்பிடுவதில் தப்பே இல்லை.

மூன்றாவது, 'ஒமகாசே' கவுன்டர். 'உங்களிடமே விட்டுவிடுகிறேன்' என்று பொருள். டோக்கியோவின் பெயர் பெற்ற கடைகளில் இரவு உணவு ஒருவருக்கு 30,000 யென்னைத் தாண்டுவது சாதாரணம். அதே கடை மதியம் திறந்தால், பெரும்பாலும் விலை குறைவு. முதல்முறை போகிறவர்களுக்கு மதியம்தான் நல்லது.

புக் செய்துவிட்டுப் போகாவிட்டால் என்ன?

பெரிய ஹோட்டலில் ஒரு மேஜை காலியாக இருந்தால் யாருக்கும் தெரியாது. 8 இருக்கை உள்ள கடையில் இரண்டு பேர் வராவிட்டால், அன்றைய வருமானத்தில் கால் பங்கு போச்சு. மீனும் தலை எண்ணி வாங்கப்பட்டிருக்கும், மறுநாளுக்கு எடுத்து வைக்க முடியாது. அதனால்தான் பல கடைகள் கார்டு விவரம் வாங்கிக்கொள்கின்றன. கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுத் தொகையும் பிடிப்பார்கள்.

நேரமும் அப்படித்தான். பல கவுன்டர்களில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பரிமாறத் தொடங்குவார்கள். நாம் 15 நிமிடம் லேட் என்றால், பக்கத்தில் இருப்பவர்களும் காத்திருக்க வேண்டும்.

ஓர் ஒவ்வாமை, ஒரு மீன் பிடிக்காது, கர்ப்பமாக இருக்கிறோம், மது தொடமாட்டோம் என எதுவாக இருந்தாலும் புக் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். மீன் சந்தைக்குப் போகும் முன் சொன்னால் அவர்களால் மாற்ற முடியும். உட்கார்ந்த பிறகு சொன்னால் அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

கவுன்டரில் எப்படி நடந்துகொள்வது?

முதலில், பயப்பட வேண்டாம். விதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் புரிந்தால் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சென்ட் போடாதீர்கள். மீன், வினிகர், கடற்பாசி எல்லாம் மென்மையான வாசனை கொண்டவை. நம் சென்ட் பக்கத்து இருக்கைக்காரரின் சாப்பாட்டையும் சேர்த்துக் கெடுக்கும்.

சூடான ஈரத்துண்டு தருவார்கள். அது கை துடைக்க. முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டாம்.

நிகிரியைக் கையால் சாப்பிடலாம். நம்மவர்களுக்கு இது நிம்மதியான செய்தி! சாப்ஸ்டிக் தெரியவில்லை என்று வெட்கப்பட வேண்டியதில்லை. அந்தக் காலத் தள்ளுவண்டியிலேயே கையால் சாப்பிட்ட உணவுதான் இது.

சோயா சாஸில் சோற்றுப் பக்கத்தை முக்காதீர்கள். சோறு உடைந்து கிண்ணத்தில் மிதக்கும். லேசாகச் சாய்த்து மீன் பக்கத்தைத் தொட்டுக்கொண்டால் போதும். உயர்தரக் கவுன்டரில் சமையல்காரரே சாஸைத் தடவித்தான் வைப்பார். அப்போது அப்படியே வாயில் போடலாம்.

வைத்தவுடன் சாப்பிடுங்கள். சோற்றின் சூடும் மீனின் குளிர்ச்சியும் சேர்ந்திருப்பது சில நொடிகள்தான். பத்து கோணத்தில் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் அது வேறு உணவாகிவிடும். போட்டோ எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது. சில கடைகளில் அனுமதி இல்லை.

ஒரே வாயில் சாப்பிடுவது வழக்கம். பெரிதாகத் தெரிந்தால் சோற்றைக் குறைக்கச் சொல்லலாம். அது தப்பில்லை.

இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு ஓரமாக இருக்கும் இஞ்சி ஊறுகாய்க்கு 'காரி' என்று பெயர். மீனின் மேல் வைத்துச் சாப்பிட அல்ல. ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவே நாக்கைச் சுத்தம் செய்ய.

பச்சை நிற வசாபி பற்றியும் சொல்லிவிடுவோம். அசல் வசாபி, ஓடும் சுத்தமான நீரில் வளரும் ஒரு செடியின் தண்டு. ஷிசுவோகா, நாகானோ பகுதிகள் இதற்குப் பேர் போனவை. அப்போதைக்கு அப்போது துருவித் தருவார்கள். விலை அதிகம். சாதாரணக் கடைகளிலும் உலகின் பெரும்பாலான சுஷிக் கடைகளிலும் கிடைப்பது, குதிரைமுள்ளங்கியில் பச்சை நிறம் சேர்த்த விழுது. வசாபி வேண்டாம் என்றால் 'சாபி நுகி' என்று சொன்னால் போதும்.

பச்சை மீன் பாதுகாப்பானதா?

முக்கியமான கேள்விக்கு வருவோம். கடல் மீன்களின் குடலிலும் சதையிலும் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம். வெள்ளை நூல் போல, 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கானாங்கெளுத்தி, கணவாய், சில வகைச் சூரை, கடலில் பிடித்த சால்மன் போன்றவற்றில் காணப்படும். உயிரோடு உள்ளே போனால், சில மணி நேரத்தில் தாங்க முடியாத வயிற்றுவலி, குமட்டல், வாந்தி வரலாம். சிலருக்கு உடல் முழுக்கத் தடிப்பும் வரும். மருத்துவர்கள் எண்டோஸ்கோபி மூலம் புழுவை வெளியே எடுப்பார்கள். ஜப்பானில் சமீப ஆண்டுகளில் பதிவாகும் உணவு நச்சு சம்பவங்களில் அனிசாகிஸ் முன்வரிசையில் இருக்கிறது.

"வசாபி, வினிகர் எல்லாம் கிருமியைக் கொன்னுடும்" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது தவறு. சமையலில் பயன்படுத்தும் அளவு வினிகர், உப்பு, சோயா சாஸ், வசாபி எதற்கும் இந்தப் புழு சாகாது. சாகடிக்க இரண்டு வழிதான். ஒன்று, வேகவைப்பது. இன்னொன்று, உறைய வைப்பது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டும் என்கிறது ஜப்பான் சுகாதார அமைச்சகம். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இன்னும் கடுமையாக, மைனஸ் 20 டிகிரியில் 7 நாட்கள் என்கிறது.

அதனால் 'உறைய வைத்த மீன்' என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். ஆழ்கடல் கப்பல்களில் பிடிக்கும் சூரையை மைனஸ் 60 டிகிரி வரை உறைய வைத்துத்தான் கொண்டுவருகிறார்கள். டோக்கியோவின் நல்ல கடைகளிலும் அது பரிமாறப்படுகிறது.

சால்மன் சுஷிக்கும் இதில் ஒரு கதை உண்டு. புழு பயத்தால் பழைய எடோ பாணிக் கடைகளில் பச்சை சால்மனே கிடையாது. 1980-களில் நார்வே, தீவனம் போட்டுப் பண்ணையில் வளர்த்த சால்மனை ஜப்பானில் விற்க ஒரு திட்டமே போட்டது. முதலில் தயங்கிய ஜப்பானியர்கள் பிறகு ஏற்றுக்கொண்டார்கள். இன்று குழந்தைகள் முதலில் கேட்பது சால்மனைத்தான்.

யாரெல்லாம் தவிர்க்க வேண்டும்? கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், வயதானவர்கள், புற்றுநோய் சிகிச்சை போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பச்சை மீனைத் தவிர்ப்பதுதான் பாதுகாப்பு. கர்ப்பிணிகளுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பெரிய சூரை மீன்களில் பாதரசம் சேரும். நீலத்துடுப்பு சூரை, பெருங்கண் சூரை போன்றவற்றை வாரத்துக்கு ஒருமுறை, சுமார் 80 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது ஜப்பான் அரசின் அறிவுரை. வேகவைத்தாலும் பாதரசம் போகாது என்பதை மறக்கக் கூடாது.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வயிற்றுவலி வந்தால், "சூடு பிடிச்சிருக்கும்" என்று மோர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். மருத்துவரிடம் போய், பச்சை மீன் சாப்பிட்டதை முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் சிகிச்சையின் போக்கையே மாற்றும்.

கரி அடுப்பில் என்ன விசேஷம்?

இப்போது அடுப்புப் பக்கம் வருவோம். ஜப்பானில் சுஷிக் கடையும் கரி அடுப்புக் கடையும் பொதுவாகத் தனித்தனி. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பவை பெரும்பாலும் 'இசகாயா' எனப்படும் மதுக்கூட உணவகங்கள், அல்லது வெளிநாடுகளில் உள்ள ஜப்பானிய உணவகங்கள்.

கரி அடுப்பில் இரண்டு பாணிகள் பிரபலம். கோழித் துண்டுகளை மூங்கில் குச்சியில் குத்திச் சுடுவது 'யாகிடோரி'. மீன், காய்கறி, சிப்பி என எல்லாவற்றையும் கண் எதிரே சுட்டு, துடுப்பு போன்ற நீண்ட மரக் கரண்டியில் வைத்து நீட்டுவது 'ரோபாடாயாகி'. வடக்கு ஜப்பான் வீடுகளில் நடுக்கூடத்தில் இருந்த கணப்படுப்பின் நினைவில் உருவான பாணி இது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செண்டாய் நகரில் கடையாக உருவெடுத்தது.

நல்ல கடைகள் பயன்படுத்தும் கரிக்கு 'பின்சோட்டான்' என்று பெயர். வாகயாமா பகுதியில் வளரும் உபாமே என்ற ஓக் மரத்திலிருந்து செய்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரியை விற்ற பிச்சூயா சோசாஎமோன் என்ற வணிகரின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள்.

ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் சீமைக்கருவேல மரத்தைக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணால் மூடி, காற்றைக் குறைத்து, உள்ளேயே புகைந்து கரியாக விடுவார்கள். பின்சோட்டானிலும் தொடக்கம் இப்படித்தான். வித்தியாசம் கடைசியில். சூளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காற்றை விட்டு, வெப்பத்தை 1,000 டிகிரிக்கு ஏற்றுவார்கள். செக்கச்செவேல் என்று இருக்கும் கரியை வெளியே இழுத்து, ஈரமான சாம்பலும் மண்ணும் கலந்த கலவையைப் போட்டு அணைப்பார்கள். அதனால் மேலே வெளுத்திருக்கும், 'வெள்ளைக் கரி' என்று பெயர். இரண்டு துண்டைத் தட்டினால் வெண்கலம் போல 'டிங்' என்று கேட்கும்.

இந்தக் கரியில் புகையும் வாசனையும் மிகக் குறைவு. பற்ற வைக்க நேரமாகும், பற்றிக்கொண்டால் மணிக்கணக்கில் சீராக எரியும். கொழுந்துவிட்டு எரியாமல் தணலாக நிற்பதால், தோல் மொறுமொறுப்பாகும், உள்ளே சாறு வற்றாது. சொட்டும் கொழுப்பு கரியில் பட்டு எழும் மெல்லிய புகைதான் அந்த வாசனை. சமையல்காரர் கையில் ஒரு விசிறி இருக்கும். காற்றை ஏற்றி இறக்கி வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது அதை வைத்துத்தான்.

ஓர் எச்சரிக்கை: புகை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். எந்தக் கரி எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கடைகளில் அடுப்புக்கு மேலேயே பெரிய புகைபோக்கி இருக்கும். ஆன்லைனில் கரியும் குட்டி அடுப்பும் வாங்கி, மூடிய அறையில் ஆசைக்குச் சுட்டுப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

யாகிடோரியில் என்ன கேட்பது?

ஒரு கோழியில் எதையும் வீணாக்குவதில்லை. தொடைக்கறி 'மோமோ'. கறியும் வெங்காயத்தாள் தண்டும் மாறி மாறிக் கோத்தது 'நெகிமா'. கொத்துக்கறி உருண்டை 'ட்ஸுகுனே'. தோல் 'காவா'. ஈரல் 'ரெபா'. இதயம் 'ஹாட்ஸு'. இரைப்பை 'சுனாகிமோ'. குருத்தெலும்பு 'நான்கொட்ஸு'. இறக்கை 'தெபாசாகி'.

ஆர்டர் எடுக்கும்போது ஒரே கேள்விதான் கேட்பார்கள்: உப்பா, சாஸா? உப்பு 'ஷியோ'. சோயா, மிரின், சர்க்கரை காய்ச்சிய இனிப்புச் சாஸ் 'தாரே'. பழைய கடைகளில் ஒரே சாஸ் பானையை வருடக்கணக்கில் தீராமல் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். முதலில் உப்பு, பிறகு சாஸ் என்று போனால் நாக்குக்கு நல்லது. குச்சியிலிருந்து எல்லாவற்றையும் உருவித் தட்டில் கொட்டாமல், குச்சியோடு சாப்பிடுவதே அங்கே வழக்கம்.

ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. சில கடைகளில் கோழியை உள்ளே இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ தருவார்கள். ககோஷிமா, மியாசாகி பகுதிகளில் பச்சைக் கோழி பழக்கமான உணவு, அங்கே அதற்கென உள்ளூர் விதிமுறைகளும் உண்டு. இருந்தாலும் கோழியில் கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியா சாதாரணமாக இருக்கும். 'ஃபிரெஷ்' என்றாலும் இருக்கும். உள்பகுதி 75 டிகிரியில் ஒரு நிமிடமாவது வேக வேண்டும் என்பது ஜப்பான் அரசின் அறிவுரை.

இதே நாடுதான் 2012-இல் பச்சை மாட்டு ஈரலையும், 2015-இல் பச்சைப் பன்றி இறைச்சியையும் உணவகங்களில் பரிமாறத் தடை விதித்தது. அதற்கு முன் 2011-இல் பச்சை மாட்டிறைச்சி சாப்பிட்டவர்கள் உயிரிழந்த சம்பவம் நாட்டையே உலுக்கியது. ஆக, 'அங்கே எல்லோரும் சாப்பிடுறாங்க' என்பது மட்டுமே பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. "நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்" என்று சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெள்ளரி மாகி, ஊறுகாய் மாகி, இனிப்பு டோஃபு பைக்குள் சோறு வைத்த 'இனாரி', சுட்ட காளான், கத்தரிக்காய், குடமிளகாய் ரகத்தில் வரும் சின்ன 'ஷிஷிதோ' மிளகாய் என்று பார்க்கச் சைவமாக நிறைய இருக்கும். ஆனால் பார்வைக்குத் தெரியாத ஒன்று உள்ளே இருக்கும். அதுதான் 'தாஷி'.

தாஷி என்பது ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறு. கொம்பு கடற்பாசியும், 'கட்சுவோபுஷி' என்ற காய்ந்த மீன் சீவலும் சேர்த்துக் கொதிக்க வைத்தது. தூத்துக்குடிக்காரர்களுக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் இது அந்நியமான பொருள் இல்லை. நம் மாசிக்கருவாடு செய்யும் அதே வகைச் சூரை மீனைத்தான் ஜப்பானியர்களும் வேகவைத்து, புகையூட்டி, கல் போலக் காய வைத்துச் சீவுகிறார்கள். சம்பலில் மாசி போடுவது போல, அங்கே முட்டைப் பொரியல், இனாரி டோஃபு, சூப், சில கடைகளின் சாஸ் என எல்லாவற்றிலும் இந்தச் சாறு இருக்கும். "மீன் இல்லையே" என்று அவர்கள் சொல்வது பொய் அல்ல. அவர்கள் கணக்கில் தாஷி 'மீன்' இல்லை, அவ்வளவுதான்.

அதனால் தெளிவாகச் சொல்ல வேண்டும். 'நிகு டோ சகானா வா தபேமசென்' என்றால் இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன். 'தாஷி மோ தாமே தெசு' என்றால் தாஷியும் கூடாது. இந்த இரண்டு வரிகளையும் ஜப்பானிய எழுத்தில் போனில் வைத்துக்கொண்டு காட்டுவது இன்னும் நல்லது. கரி அடுப்புக் கடையில் காய்கறியும் கோழியும் ஒரே கம்பி மேல்தான் வேகும், சாஸ் பானையும் ஒன்றே. அது ஒத்துவராது என்றால் அந்தக் கடையைத் தவிர்ப்பதே சரி. புத்த மடாலயச் சமையலான 'ஷோஜின் ரியோரி' கிடைக்கும் இடங்கள் சைவர்களுக்கு ஏற்றவை.

மது தவிர்ப்பவர்கள், மிரின் என்பது இனிப்பான அரிசி மது என்பதையும், சாஸ்களில் அது கலந்திருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு சோயா சாஸே பிரச்னை. பெரும்பாலான சோயா சாஸ் கோதுமை சேர்த்துத்தான் செய்யப்படுகிறது.

பில், டிப்ஸ் எப்படி?

டிப்ஸ் தேவையில்லை. வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடிவந்து தருவார்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீத நுகர்வு வரி உண்டு. இசகாயாக்களிலும் பல யாகிடோரிக் கடைகளிலும், நாம் கேட்காமலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது வைப்பார்கள். இதற்கு 'ஒதோஷி' என்று பெயர். சில நூறு யென் பில்லில் சேரும். ஏமாற்று வேலை இல்லை, இருக்கைக் கட்டணம் மாதிரி. சிறு கடைகளில் கார்டு வாங்காத இடங்கள் உண்டு, கையில் கொஞ்சம் பணம் இருக்கட்டும். கிளம்பும்போது 'கோச்சிசோசாமா தேஷிதா' என்று சொன்னால், சமையல்காரர் முகம் மலரும். விருந்துக்கு நன்றி என்று அர்த்தம்.

தட்டில் இருக்கும் மீன் கடலில் இருக்கிறதா?

கடைசியாக, கவுன்டரில் யாரும் பேசாத ஒரு கணக்கு. 2018 அக்டோபரில், 1935 முதல் இயங்கிய சுகிஜி மொத்தச் சந்தை மூடப்பட்டு தொயோசுவுக்கு மாறியது. அங்கே 2019-இன் முதல் ஏலத்தில் 278 கிலோ எடையுள்ள ஒரே ஒரு நீலத்துடுப்பு சூரை 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது. புத்தாண்டு விளம்பரத்துக்காகக் கொடுக்கும் விலை என்றாலும், அந்த மீனுக்கு இருக்கும் மவுசு புரியும்.

அந்த மவுசு மீனையே அழிக்கப் பார்த்தது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பசிபிக் நீலத்துடுப்பு சூரையின் முட்டையிடும் மீன்கூட்டம், மீன்பிடிப்பே இல்லாதிருந்தால் எவ்வளவு இருக்குமோ அதில் 3 சதவீதத்துக்கும் கீழே போனது. பிறகு நாடுகள் சேர்ந்து பிடிப்புக்கு வரம்பு போட்டன, குறிப்பாகக் குஞ்சு மீன்களுக்கு. 2034-க்குள் 20 சதவீதத்தை எட்டுவது இலக்கு. 2021-லேயே எட்டிவிட்டதாக அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. கட்டுப்பாடு போட்டால் கடல் திருப்பித் தரும் என்பதற்கு நல்ல உதாரணம்.

விலாங்குக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கரியில் சுட்டுத் தரும் 'உனாகி' எனும் ஜப்பானிய விலாங்கை, சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2014-இல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தது. பண்ணையில் வளர்த்தது என்று சொன்னாலும், குஞ்சுகளைப் பெரும்பாலும் ஆற்று முகத்துவாரங்களிலிருந்துதான் பிடிக்கிறார்கள். மெனுவில் வேறு பத்து மீன்கள் இருக்கும்போது, இதை ஒருமுறை யோசித்துவிட்டு ஆர்டர் செய்யலாம்.

ஒமகாசே என்றால் 'உங்களிடமே விட்டுவிடுகிறேன்' என்று பார்த்தோம். எதை, எந்த வரிசையில், எந்தப் பக்குவத்தில் தருவது என்பதைத் தாராளமாகச் சமையல்காரரிடம் விட்டுவிடலாம். பல வருடம் சோறு வடிக்கவும் மீன் அறுக்கவும் பழகி வந்தவர் அவர். ஆனால் உங்கள் உடம்புக்கு எது ஆகாது, உங்கள் மனசுக்கு எது ஒப்பாது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம்.